எதிர்ப்பாட்டு

மாசி 1, செவ்வாய்

பொங்கலுக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி இது. அட்டையில் எங்கள் சீரியல் குடும்பம் மொத்தமும் நின்று பல்லைக் காட்டுகிறது. நடுவில் நகைக்கடை பொம்மைகள் மாதிரி இரண்டு மருமகள்கள். பின்வரிசையில், மூத்தவளின் கொண்டைக்குப் பின்னால், அரை நெற்றியும் ஒரு காதும் தெரிகிறதே, அந்தக் காதுக்குச் சொந்தக்காரர்தான் என் வீட்டுக்காரர். ராஜபார்ட் திருமேனி. புதுக்கோட்டைப் பக்கத்து நாடக நோட்டீஸ்களில் கிரீடமும் மீசையுமாக முக்கால் தாளை அடைத்துக்கொண்டு நின்றவர், சென்னைக்கு வந்து ஒரு காதாகச் சுருங்கியிருக்கிறார். இதற்குப் பெயர் முன்னேற்றம்.

டைரியை அவர் பிரிக்கக்கூட இல்லை. "நான் என்னத்த எழுத? படுத்தேன், எந்திரிச்சேன்னா?" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். நியாயம்தான். கார்த்திகையிலிருந்து அவருக்குக் கோமா. சீரியலில் அவர் அரிசி ஆலை முதலாளி, பெரியய்யா. சின்ன மருமகள் மாடிப்படியில் தள்ளிவிட்டாள். அவர் உருண்டதை மூன்று நாள் காட்டினார்கள். அத்தனை நேரம் உருள வேண்டுமென்றால் அந்த வீட்டை மலைக்கோட்டை உச்சியில்தான் கட்டியிருக்க வேண்டும்.

நான் மாரிக்கண்ணு. மூன்றாவது வரை படித்தேன், அதிலும் பாதி நாள் மட்டம். எழுத்துக் கூட்டக் கற்றது நாடக நோட்டீஸைப் பார்த்து. அதனால் யாரைப் பற்றி எழுதினாலும் 'எட்டுத்திக்கும் புகழ்பெற்ற' என்று ஆரம்பிக்கக் கை போகிறது. எட்டுத்திக்கும் புகழ்பெற்ற கோமா ராஜபார்ட் இப்போது உள்ளே உண்மையாகவே தூங்குகிறார்.

மாசி 2, புதன்

இன்றும் கோமா. ராத்திரிக்குத் தோசை.

மாசி 4, வெள்ளி

ஷூட்டிங் வீடு பூந்தமல்லி தாண்டி இருக்கிறது. மதியச் சாப்பாட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். கம்பெனிச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. கோமாக்காரருக்குக் காரம் ஆகாது.

மூக்கில் குழாய், தலையில் கட்டு. பக்கத்தில் ஒரு பெட்டி 'டொய்ங் டொய்ங்' என்கிறது. அது ரேடியோ பெட்டியில் விளக்கு வைத்துச் செய்தது என்று எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரி நர்ஸாக நடிக்கும் பெண்ணுக்குத் தெரியாது போல. பயபக்தியோடு அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். டைரக்டர் நிரூப், மீசை இன்னும் முடிவெடுக்காத பிள்ளை, காதில் மாட்டிய கருவியோடு ஓடிவந்து, "சார், கண்ணிமை ஆடுது சார். கோமா ஃபீல் வரல" என்றார்.

"கொசு தம்பி" என்றார் இவர், மெல்ல.

"கொசுவுக்கு ரியாக்ட் பண்ணாதீங்க சார்."

பத்து ஊர் ஜனம் கூடிய பொட்டலில் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிய மனுஷன். கடைசியில் கொசுவுக்குப் பதில் சொல்லக்கூடாது என்று உத்தரவு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறார்.

கோமாவுக்கு முன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது? இந்தச் சீரியலில் அவர் வாயைத் திறந்தபோதும் வந்தது அவர் குரல் இல்லை. முதல் இரண்டு சீரியலில் சொந்தக் குரல்தான். பஞ்சாயத்துத் தலைவராக வந்து ஒரு அதட்டு அதட்டினால் எங்கள் தெரு நாய் குலைப்பதை நிறுத்தும். இந்தச் சேனலில்தான், "உங்க குரல்ல நாடக வாடை அடிக்குது சார், ஹாலுக்குள்ள ஒட்டல" என்று டப்பிங் வைத்துவிட்டார்கள். பேசுகிறவன் இருபத்தெட்டு வயசுப் பையன். மூன்று சேனலில் மூன்று மாமனாருக்கு அவனே குரல். ஜலதோஷம் பிடித்த கிளி பேசுகிற மாதிரி இருக்கும். முதல் நாள் அதை டிவியில் கேட்டுவிட்டு இவர் எழுந்துபோய் வாசல் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். மழை பெய்துகொண்டிருந்தது.

இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்து வீட்டிலும் பாட்டு இல்லை. நிம்மதியாக இருக்கிறது. காதுக்கு ஓய்வு.

மாசி 6, ஞாயிறு

விடுமுறை. கூட்டிப் பெருக்கிக்கொண்டே சும்மா ஒன்று எடுத்துவிட்டேன்:

*கட்டிலிலே சாஞ்சிருக்கும் காவேரி மகராசா,*
*தொட்டுப் பார்த்தா சூடு உண்டு, சத்தமெங்கே போச்சுராசா?*

காற்றாடியை அதிகமாக வைத்தார். அவ்வளவுதான் பதில்.

இதை விளங்கச் சொல்ல வேண்டும். எங்கள் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ஒரு ஊரிலிருந்து ராஜா வருவார், ஒரு ஊரிலிருந்து ராணி வருவாள், மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. எனக்குத் தோழி வேஷம். ராஜா ராணியைப் பார்க்க நந்தவனத்துக்கு வருவார். நான் வாசலை மறித்து நின்று பாட்டிலே ஒரு கேள்வி கேட்பேன். அவர் அதே மெட்டில், அதே சுதியில் எதிர்ப்பாட்டுப் பாட வேண்டும். பாடினால் உள்ளே போகலாம். பதில் வராவிட்டால் ராஜா தோற்றார், ஜனம் விசிலடித்தே அவரை ஊர் எல்லைக்கு அனுப்பிவிடும். ராணியை யார் பார்த்தார்கள், இந்தச் சண்டையைக் கேட்கத்தான் கூட்டம் உட்கார்ந்திருக்கும்.

எத்தனையோ ராஜாவை நான் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். இந்த ஒரு ஆளை மட்டும் முடியவில்லை. மீசையைக் கேட்டாலும் பதில், மிதியடியைக் கேட்டாலும் பதில். மூன்று வருஷம் மேடைமேடையாகச் சண்டை போட்டுவிட்டு, இதற்கு வேறு வழியில்லை என்று கல்யாணம் செய்துகொண்டோம்.

இன்றைக்குக் காற்றாடி பதில் சொன்னது. பரவாயில்லை, வெயில் காலம்.

மாசி 8, செவ்வாய்

ஆர்மோனியம் அழகுசுந்தரம் அண்ணன் புதுக்கோட்டையிலிருந்து போன் போட்டார். நாடக நடிகர் சங்கத்தில் அவர்தான் இப்போது செயலாளர். பங்குனித் திருவிழாவுக்குக் கீழமாத்தூரில் நாடகம். ஊர்க்காரர்கள் திருமேனிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்களாம்.

"மாப்பிள்ளய கொஞ்சம் கூப்புடு தங்கச்சி."

மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"குளிக்கிறாருண்ணே" என்றேன்.

"போன வாரமும் குளிச்சாருத்தா. என்ன, தோல் கீல் உரிஞ்சிறப் போகுது. இங்க பாரு, வார வெள்ளிக்கு அடுத்த வெள்ளி நோட்டீஸ் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள சரின்னா சரி. இல்லேன்னா மணமேல்குடி பய ஒருத்தன் இருக்கான், அவன் படத்தப் போட்டுருவேன். ரெண்டு வருஷமாச்சு, இந்தத் தடவயும் ஒதுங்குனா ஊர்க்காரன் பேரையே மறந்துருவான்."

போனை வைத்ததும், "கோமாவ விட்டுட்டு எப்புடிப் போறது?" என்றார் இவர்.

"ஆமா, நீங்க இல்லேன்னா படுக்க ஆளே கெடைக்காது" என்றேன்.

ஒரு காலத்தில் இதற்கு நாலு அடி எதிர்ப்பாட்டு வந்திருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

மேடை என்ன தேவலோகமா என்றால் அதுவும் இல்லை. வேஷம் கட்டுகிற ஓலைக் கொட்டகையில் மூட்டைப்பூச்சி, விழாக் கமிட்டித் தலைவர் வாயில் சாராய வாடை, கிரீடத்து ஜிகினா முகத்து வேர்வையோடு கண்ணுக்குள் போகும். ஆனால் அங்கே கொசு கடித்தால் அடிக்கலாம்.

மாசி 12, சனி

பக்கத்துப் போர்ஷன் ஸ்டெல்லா சேதி கொண்டுவந்தாள். சீரியலுக்குக் கூட்டத்து ஆள் பிடித்துக் கொடுப்பவள் அவள். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை இருபது, போராட்டத்துக்குக் கறுப்புச் சட்டை பத்து என்று போனிலேயே மனுஷர்களை எண்ணுவாள்.

"யக்கா, இன்னா நீ, ஒண்ணும் தெரியாத மாரி கீறே? பெரியய்யாவுக்கு மாலை போடப் போறாங்கோ."

இங்கே 'மாலை' என்றால் கல்யாணமும் இல்லை, பாராட்டும் இல்லை. சீரியல் வீட்டு ஹால் சுவரில் படமாகத் தொங்குவது. மாலையும் சிவப்பு பல்பும் போட்டுவிட்டால் அதோடு அந்த ஆள் முடிந்தார். பிறகு எல்லாரும் படத்தைப் பார்த்து அழுவார்கள், படத்துக்குச் சம்பளம் கிடையாது. கோமாவென்றால் என்றைக்காவது எழுந்துவிடலாம். படம் எழாது.

"ஏன்டி, கண்ணு முழிப்பாருன்னு சொன்னாகளே?"

"சேனல் மேடம் சொல்ட்டாங்களாம். கோமா போரடிக்குதாம் ஜனத்துக்கு."

ஜனத்துக்குப் போரடிக்கிறதாம். படுத்துக் கிடந்தவருக்கு என்ன அடித்தது என்று மேடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இவரிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். மோர்க்குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டார். பிறகு அதைச் சாப்பிடவில்லை.

மாசி 14, திங்கள்

கம்பெனி மேனேஜர் பாலகுரு வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷன். நெற்றி நிறையத் திருநீறு, கை நிறையக் கயிறு.

"சார், சுவத்துல மாட்ட ஒரு போட்டோ வேணும். சிரிச்ச மாதிரி."

பெட்டியைக் கொட்டித் தேடினோம். ராஜபார்ட் என்றால் முறைப்புதான் மூலதனம். இருக்கிற படத்திலெல்லாம் வாளோடு முறைக்கிறார். கல்யாணப் படத்தில்கூட யாரையோ போருக்கு அழைக்கிற மாதிரி நிற்கிறார். கடைசியில் ஒன்று கிடைத்தது. திருமயம் பக்கத்தில் ஒரு மேடையில் எடுத்தது. நான் என்னவோ கேட்டிருக்கிறேன். அவர் பதில் பாடுமுன் சிரித்துவிட்டார். வாய் கொள்ளாத சிரிப்பு. என் கையும் படத்தில் இருக்கிறது, அவர் தாடைக்கு நேரே விரலை நீட்டிக்கொண்டு.

"இது சூப்பர் சார். கிரீடத்த எடுத்துட்டு கம்ப்யூட்டர்ல முடி வச்சிருவாங்க. இந்தக் கையையும் வெட்டிருவாங்க" என்றார் பாலகுரு.

"கையை வெட்டுங்க, வளையல மட்டும் திருப்பிக் குடுத்துருங்க" என்றேன்.

அவர் பாவம் சிரித்தார். பிறகு இவரைப் பார்த்து, "சார், ஒண்ணே ஒண்ணு. பாடைல படுத்து எந்திரிச்சதும் நம்ம சம்பிரதாயம் இருக்கு. பூசணிக்காய் உடைப்போம். நீங்க கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சிட்டுத்தான் எடத்த விட்டுப் போகணும். செத்த மாதிரி நடிச்சவங்க சிரிக்காமப் போனா ஆகாது. நான் விட மாட்டேன்" என்றார்.

"அப்ப சோத்துக்கும் துணிமணிக்கும் அங்கேயே ஏற்பாடு பண்ணிருங்க மேனேஜரு. இவரு சிரிக்கிறதுக்குள்ள உங்க சீரியலே முடிஞ்சிரும்" என்றேன்.

மாசி 17, வியாழன்

நாளைக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது. அழகுசுந்தரம் அண்ணன் காலையிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டார். மூன்று தரமும் இவர் குளித்தார்.

சாயங்காலம் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்து அவரும் ஆய ஆரம்பித்தார். காம்பைக் கிண்ணத்திலும் இலையைக் குப்பையிலும் போட்டார். நான் குப்பையிலிருந்து இலையைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டேன்.

"போகச் சொல்லாத மாரி" என்றார்.

"நான் எங்க சொன்னேன்?"

"அங்க போயி நின்னா எவளோ ஒருத்தி வாசல்ல மறிச்சுக் கேப்பா. நான் வாயத் தொறக்கணும்." இன்னொரு கொத்தை எடுத்தார். "நீ கூட்டும்போது, பெருக்கும்போது பாடுறியே. எல்லாத்துக்கும் பதில் யோசிக்கிறேன். ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்கிறேன். வரல. ஒண்ணுக்குக்கூட வரல. அந்த டப்பிங் பய குரலுதான் காதுல கேக்குது."

"ரசம் ஆறுது, சாப்புடுங்க" என்றேன். ரசம் அடுப்பிலேயே வைக்கவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

அண்ணனுக்கு நானே போன் போட்டு, செவ்வாய்க்கிழமை வரை பொறுக்கச் சொன்னேன். "என்னத்தா, செவ்வாய்க்குள்ள என்ன ஆகப்போகுது?" என்றார். "திங்கக்கெழம அவுகளுக்குச் சாவு. அது முடிஞ்சா ஓய்வுதானே" என்றேன். அண்ணன் "ஆத்தாடி!" என்று அலறிவிட்டார். பிறகு விவரம் சொன்னேன்.

மாசி 19, சனி

ஸ்டெல்லா வாசலில் நின்று புலம்புகிறாள். திங்களுக்கு அழுவதற்குப் பதினைந்து பேர் கேட்டிருக்கிறார்கள், கிராமத்து முகமாக. இவளிடம் இருப்பதெல்லாம் புருவம் மழித்த முகங்கள்.

"என் மூஞ்சி எப்புடி?" என்றேன்.

"யக்கா! உன் வூட்டுக்காரு பாடைல படுத்திருப்பாரு. நீ போயி ஒக்காந்து அழுவியா? தாலி கட்ன பொம்பள. இன்னா பேச்சு இது!"

"சாகுறது அரிசி ஆலை முதலாளிடி. அந்த ஆளுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? என் வீட்டுக்காரரு ஆயுசுக்கும் ஒரு மூட்டை அரிசியச் சேந்தாப்புல பாத்ததில்ல."

"அவரு கண்டுக்கினா?"

"பொணம் கண்ணத் தொறக்காது."

எனக்கு என்ன, மதியம் பிரியாணி போடுவார்கள் என்று ஸ்டெல்லா சொன்னாள். அதற்குத்தான் போகிறேன்.

மாசி 21, திங்கள்

காலையில் அவர் கம்பெனி வண்டியில் போனார். நான் ஸ்டெல்லாவின் வேனில் பின்னாலேயே போனேன். முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டேன். தாலியை ரவிக்கைக்குள் விட்டு, அதன்மேல் கொஞ்சம் மஞ்சள் தேய்த்துக்கொண்டேன். நம்பிக்கை எல்லாம் இல்லை. மஞ்சள் வாங்கி வெகுநாள் ஆயிற்று, வீணாகக் கூடாது.

ஹாலில் பாடை. சுவரில் படம். கிரீடம் இருந்த இடத்தில் முடி முளைத்திருந்தது, கறுகறுவென்று, தேங்காய் நார் மாதிரி. என் கையை வெட்டியிருந்தார்கள். ஆனால் ஒரு விரல் நுனி தாடையோடு ஒட்டிக்கொண்டு போகவில்லை போல. அதன்மேல் மாலையை இறக்கி மறைத்திருந்தார்கள். காற்றாடியில் மாலை ஆடும்போதெல்லாம் விரல் எட்டிப் பார்த்தது.

அவரைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். நெற்றியில் காசு, தாடைக்குக் கட்டு, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணி. நான் நாலாவது வரிசையில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தேன். நன்றாகத்தான் நடித்தார். அவ்வளவு நன்றாக நடித்திருக்க வேண்டாம்.

மருமகள்கள் கிளிசரின் போட்டு அழுதார்கள். ஒருத்திக்கு வலது கண்ணில் மட்டும்தான் வரும் என்று கேமராவையே வலது பக்கம் மாற்றினார்கள். பிறகு நிரூப் தம்பி கத்தினார்: "ஒப்பாரி டிராக் எங்கப்பா?"

வரவில்லையாம். எங்கேயோ கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டதாம்.

"சரி, லைவா எடுக்கலாம். கூட்டத்துல யாருக்காவது ஒப்பாரி தெரியுமா? ராவா, கிராமத்து ஃபீல்ல."

பதினைந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டியதாகத்தான் எனக்கு ஞாபகம். அவள், "அந்தக்கா பாடும் சார்" என்று காட்டிவிட்டாள்.

மைக்கைக் கழியில் கட்டித் தலைக்கு மேல் நீட்டினார்கள். நான் முந்தானையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன். ஹாலில் சத்தம் அடங்கியது. எந்த ஊர்ப் பொட்டலிலும் ஜனம் இப்படித்தான் அடங்கும், நான் வாசலை மறிக்கிற நேரத்தில்.

*பட்டுமெத்தை மேலேறிப் படுத்திருக்கும் மகராசா,*
*எட்டு ஊரு கேட்ட குரலை எங்கே நீ தொலைச்சேராசா?*

கட்டைவிரல் இரண்டும் துணிக்குள் அசைந்தன. நிரூப் தம்பி கவனிக்கவில்லை. அந்தத் தம்பி கண்ணை மூடி ஃபீல் பண்ணிக்கொண்டிருந்தார்.

*மூக்கிலதான் குழாய்வச்சு மூணுமாசம் கிடந்தாயே,*
*நாக்கிலயும் பூட்டுவச்சா நானெங்கே போவேன்ராசா?*

பாடி நிறுத்தினேன். மேடையில் என்றால் இந்த இடத்தில் ஆர்மோனியம் ஒரு சுற்று வாசிக்கும். அதற்குள் பதில் வர வேண்டும். இங்கே ஆர்மோனியம் இல்லை, ஏசி மட்டும் உறுமியது. ஒரு சுற்றுக்கான நேரம் போயிற்று. இரண்டாவது சுற்றும் போயிற்று. பொணம் பொணமாகவே கிடந்தது. எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்தது. பக்கத்துப் பெண்ணின் கிளிசரினாக இருக்கும்.

சரி, பிரியாணியாவது கிடைக்கும் என்று எழப் போனேன்.

அப்போது தாடைக்கட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. கட்டிய வாய்க்குள் சுதி பிடிக்கிற முனகல். அந்த முனகலை எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும். பொணம் கையைத் தூக்கித் தாடைக்கட்டை இழுத்து எறிந்தது. எழுந்து உட்கார்ந்தது. நெற்றிக்காசு உருண்டுபோய்ச் சின்ன மருமகளின் மடியில் விழுந்தது.

*செத்த பொணத்தோட சண்டைக்கு வந்தவளே,*
*சுத்திநிக்கும் சனத்துநடு சுதியைவிட்டு அழுதவளே!*
*அஞ்சுகட்டைச் சுதியிலதான் அழவேண்டும் ஒப்பாரி,*
*கொஞ்சங்கொஞ்சம் இறக்கிவிட்டு ஏமாத்தப் பாக்குறியே!*

அஞ்சு கட்டை. அது அவர் சுதி. குரல் அந்த உயரத்துக்குப் போய் ஆடாமல் நின்றது. சவுண்டுக்காரர் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தார். பெரிய மருமகள் நிஜமாகவே அலறிவிட்டாள். அவளிடமிருந்து அன்றைக்கு வந்த ஒரே நடிப்பு அதுதான், கேமரா அந்தப் பக்கம் இல்லை.

"கட்! கட்! சார்! என்ன சார் பண்றீங்க? நீங்க செத்துட்டீங்க சார்!" என்று நிரூப் தம்பி தலையில் அடித்துக்கொண்டார்.

"தெரியும் தம்பி" என்றார் இவர். "ஆனா கேள்வி கேட்டா பதில் சொல்லணும்ல."

"யாரு சார் கேட்டா?"

"அந்தா, தூணுக்குப் பக்கத்துல முக்காடு போட்டு உக்காந்திருக்கா பாருங்க, ஒரு மோசக்காரி. நாலர கட்டைல ஆரம்பிச்சு நாலுக்கு எறங்கிட்டா. இப்புடி அழுதா எந்தச் சவம் தாங்கும்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மைக் கழியைப் பார்த்தேன்.

அந்தக் குரலைக் கேட்டுவிட்டு டைரக்டர் இவர் காலில் விழுந்தார், மன்னிப்புக் கேட்டார் என்றெல்லாம் எழுத ஆசைதான். ஒன்றும் நடக்கவில்லை. "குரல் ரொம்ப லௌடு. நல்லவேளை டப்பிங் வச்சோம்" என்று சவுண்டுக்காரரிடம் சொன்னார். சேனல் மேடத்துக்குப் போன் போனது. மீதி ஷாட்டை ஒரு தலையணைக்கு வேட்டி போர்த்தி எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. எடுத்தார்கள். தலையணைக்குக் கண்ணிமை ஆடவில்லை என்று எல்லாருக்கும் திருப்தி.

பாலகுரு மட்டும் பூசணிக்காயும் சூடமுமாக வழிமறித்தார். "சார், மத்ததெல்லாம் விடுங்க. கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு."

இவர் கேமராவைப் பார்த்தார். முறைப்புத்தான் வந்தது. இரண்டாம் தரமும் முறைப்புத்தான். நான் அந்த நேரத்தில் முக்காட்டை எடுத்துவிட்டு, மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தேன். கண் மையெல்லாம் கன்னத்தில் வழிந்திருக்க வேண்டும். அவர் பார்வை கேமராவைத் தாண்டி வந்து என்மேல் விழுந்தது.

"ஏன்டி மாரி, நெசமாவே அழுதுட்டியா?" என்றார்.

"ஆமா, அரிசி ஆலை போச்சேன்னு" என்றேன்.

சிரித்தார். சுவரில் தொங்கிய படத்தில் இருந்ததே, அதே வாய் கொள்ளாத சிரிப்பு.

"சார், இந்தப் பக்கம் சார், கேமரா இந்தப் பக்கம்" என்று கேமராக்காரர் கத்திக்கொண்டே இருந்தார். இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பாலகுரு, "போதும் போதும், இது போதும்" என்று பூசணிக்காயைப் போட்டு உடைத்தார்.

பிரியாணியில் உப்பில்லை.

மாசி 22, செவ்வாய்

காலையில் அவர் குளிக்கப் போனார். மெய்யாகவே குளிக்கத்தான். நான் சாம்பாருக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அழகுசுந்தரம் அண்ணன் போன் செய்தார்.

"என்னத்தா, மாப்பிள்ள குளிக்கிறாரா?"

"ஆமாண்ணே."

"அப்ப மணமேல்குடியானையே போட்டுறவா?"

அதற்குள் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து நேற்று 'கட்' சொல்லி அறுத்த எதிர்ப்பாட்டின் மிச்சம் வந்தது. வாளிச் சத்தத்துக்கு மேலே, அஞ்சு கட்டையில்:

*போட்டமாலை வாடும்முன்னே பொறப்பட்டு வாறேன்டி,*
*கேட்டுநிக்க நீயில்லாம எனக்குமேடை எதுக்கடி!*

போனில் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நோட்டீஸ்ல தோழி வேஷத்துக்கு யாரு பேரத்தா போட?" என்றார்.

"எட்டுத்திக்கும் புகழ்பெற்றன்னு ஆரம்பிங்கண்ணே, மிச்சத்த நான் எழுதித் தாறேன்" என்று வைத்துவிட்டேன்.

கதவுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றிருந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார். முறைப்படி இப்போது பாட வேண்டியது நான். ஒரு சுற்றுக்கான நேரம் போயிற்று. இரண்டு சுற்று போயிற்று. மெட்டு இருந்தது, சுதி இருந்தது, ஒரு வார்த்தை வரவில்லை.

"என்னடி, பதிலக் காணோம்?" என்றார் உள்ளிருந்து.

"வெங்காயம் நறுக்குறேன்" என்றேன்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பதில் பாடாமல் வாசலை விட்டுவிட்டேன். அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கீழமாத்தூரில் பார்த்துக்கொள்கிறேன்.